அமைதியானவள், வயது முப்பத்தொன்று

எனக்கு வரன் பார்த்த ஒன்பது ஆண்டுகளில் என் குணம் மூன்று முறை மாறியது. நான் அப்படியேதான் இருந்தேன். அம்மா தரகருக்குக் கொடுத்த காகிதத்தில்தான் மாறியது.

அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஜாதகத்தோடு இணைக்கும் பெண் விவரத்தை அம்மா சொல்லச் சொல்ல நானே எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், நகல் எடுக்க ஆபீஸ் கார்பன் காகிதமும் கைவசம் இருந்தது. இருபத்திரண்டு வயதில் நான் ‘குழந்தை மனசுக்காரி’. இருபத்தாறில் ‘பொறுப்பானவள்’ ஆனேன். இருபத்தொன்பதில் ‘பக்குவமானவள்’. அந்த வருடம்தான் பஸ் கண்டக்டர் ‘தங்கச்சி’ என்பதை விட்டுவிட்டு என்னை ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அவருக்கு என் அப்பா வயது இருக்கும்.

இந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். பொறுப்பு என்றால் இருபத்தைந்து தாண்டிவிட்டது. பக்குவம் என்றால் முப்பது வாசலில் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டாரும் சளைத்தவர்கள் இல்லை. ‘இளைஞர்’ என்று வந்தவருக்கு முன்மண்டை பளபளத்தது. ‘கண்டிப்பானவர்’ என்று வந்தவர், காப்பியில் சீனி குறைந்ததற்காகத் தன் அம்மாவையே எங்கள் வீட்டில் வைத்து அதட்டினார்.

முப்பத்தொன்றில் அம்மா ‘அமைதியானவள்’ என்று எழுதச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“யாரும்மா, நானா?”

“வாய மூடிக்கிட்டு எழுது. இந்த வயசுல வாயாடின்னா எவன் வருவான்?”

இதே வாயைத்தான் பத்து வருடத்துக்கு முன்னால் ‘கலகலப்பு’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் காகிதத்துக்குக் கிள்ளானிலிருந்து பதில் வந்தது. முப்பத்தெட்டு வயது, துறைமுகத்தில் வேலை, பெற்றோர் இல்லை, அக்காதான் வளர்த்தார். அவரும் ‘அமைதியான இளைஞர்’தான். புகைப்படத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். எனக்குப் பிடித்துவிட்டது. இது அமைந்துவிட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். இன்னொரு குணத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் வந்தார்கள். நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் தொலைத்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. வடையைக்கூடச் சத்தம் வராமல் மென்றார். நல்ல மனிதர், ஆனால் இவரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று உள்ளுக்குள் பயம் வந்தது.

அப்போது வெளியே தடாலென்று சத்தம். ரிவர்ஸில் வந்த ஒரு லோரி அவருடைய காரின் பின்விளக்கை உடைத்துவிட்டது. மாப்பிள்ளை எழுந்து போனார். அடுத்த நிமிடம் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் அவர் குரல் தெருக்கோடி வரை கேட்டது. அவருடைய அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

“பாஸ், நடுரோட்ல காடிய போட்டது நீங்கதான் லா,” என்றார் லோரிக்காரர்.

அது பொய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கார் ஓரமாகத்தான் நின்றது. அம்மா புடவையைப் பிடித்து இழுப்பதற்குள் வெளியே போய்விட்டேன்.

“அண்ணே, கண்ணாடியப் பாக்காம ரிவர்ஸ் எடுத்தது நீங்க. இடிச்சதும் இல்லாம பொய் வேறயா? மொதல்ல லைசன்ஸ எடுங்க.”

அதற்கு மேல் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. லோரிக்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தால் அக்கம்பக்கமே வாசலில் நின்றது. மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அதன்பிறகு வானிலை பற்றி மட்டும் பேசினார்கள்.

ஒரு வாரம் தகவலே இல்லை. அந்த ஒரு வாரம் நான் உண்மையாகவே அமைதியாக இருந்தேன். குளியலறையில் அழுதேன். அம்மா திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அந்த அக்கா மட்டும் தனியாக வந்தார். உட்காரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னான். அந்த லோரிக்காரரத் திட்டுன மாதிரி, தப்புன்னா அவனையும் திட்டுவாங்களான்னு.”

அம்மா என்னைப் பார்த்தாள். என்னென்ன சொற்கள் அவள் தொண்டை வரை வந்து போயின என்று எனக்குத் தெரியும், எல்லாம் என் கையால் எழுதியவை.

“திட்டுவா,” என்றாள் அம்மா.

“அப்ப சரி,” என்று அந்த அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “வைகாசில நாள் பாக்கலாமா?”