ஒருவருக்கு ஒரு தாய்

பக்கத்து மேசை விதுஷன் அதைச் சுவிஸின் திரிம்பாக் ஊர்த் தமிழ்க் கோயிலில் கேட்டு வந்தான். அவனுக்குச் சொன்னவரும் நேரே கண்டதில்லை. எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் கொம்பியூட்டர் இரண்டு தமிழ்ப் பெண்களை ஒரே ஆளாக்கிவிட்டதாம்.

“உங்கட கைவரிசையோ அக்கா?” என்று சிரித்துவிட்டுக் கோப்பி எடுக்கப் போனான்.

கிருசிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியும் டொக்டரும் மருந்துக்கடையும் தனித்தனியே வைத்திருக்கும் பதிவுகளை ஒரே சொற்களில், ஒரே ஒழுங்கில் எழுதவைத்து இணைப்பது பாடன் நகரில் அவள் வேலைசெய்யும் கம்பனி. அவற்றிலிருந்து, எவரும் எழுதாத ஒன்றையும் இயந்திரம் தானே முடிவுகட்டுவதற்கான விதிகளை எழுதுவது அவள். “மகள் கொம்பியூட்டருக்குச் சட்டம் எழுதுறாள்” என்று அம்மா புனிதவதி ஊஸ்டரில் காண்பவர்களுக்கெல்லாம் சொல்லுவா. மகளோ மூன்று தரம் சரிபார்த்த விதிக்காகவும், வீடு போகும் ரயிலில் மறுபடி லப்டொப்பைத் திறப்பவள்.

அவள் விதிகளில் ஆகச் சின்னது இது: பெற்ற தாய் ஒருத்திதான். ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்மார் பதிவாகியிருந்தால், பெயர்தான் மாறியிருக்கிறது. இருவரும் ஒரே ஆள்.

போன வருடம் பெரியம்மா ராஜேஸ்வரிக்குச் சலரோகம் முற்றியது. சொந்தப் பிள்ளைகள் இல்லை. பெற்ற பிள்ளையோடுதான் கதைப்பம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். படிவத்தில் உறவு கேட்ட இடத்தில் பேனையோடு நின்ற கிருசிகாவிடம் பெரியம்மா சொன்னா:

“மகள் எண்டு போடு பிள்ளை. நான்தானே வளர்த்தனான்.”

அம்மா இரண்டு வேலைக்கு ஓடிய காலத்தில் வளர்த்தது அவதான். வீட்டில் ஒருவருக்கும் அது பொய்யாகப் படவில்லை.

இப்போது கிருசிகா தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். தாய்: ஒருத்தி. பெயர்கள்: இரண்டு. அந்த ஒருத்தியின் மருந்துப் பட்டியலில் பெரியம்மாவின் இன்சுலின். அம்மாவுக்குச் சலரோகமே இல்லை; அந்த ஊசி ஏறினால் இரத்தத்தில் சீனி இறங்கி உயிருக்கே ஆபத்து. நேற்று முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து அம்மா படுத்திருக்கும் ஆஸ்பத்திரியோ போன கிழமைதான் கம்பனியின் இந்த இணைப்பில் சேர்ந்தது. பதினொன்றரைக்குச் சாப்பாடு, அதற்கு முன் ஊசி. தாதிமார் டொய்ச்சில் என்ன கேட்டாலும், விளங்காமலே “யா, யா” என்று ஓம் சொல்லுவா அம்மா.

மணி பதினொன்று இருபது.

“தம்பி, அந்தத் தாய் விதியை உடன நிப்பாட்டு” என்றாள், கோப்பியோடு திரும்பி வந்த விதுஷனிடம்.

“ஆற்ற விதி அக்கா அது?”

“என்ர.”

நிறுத்தினாலும் ஏற்கெனவே போன பட்டியல் திரும்பி வராது. வார்ட் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தாள்; காத்திருக்கச் சொல்லும் குரல்தான் வந்தது. வெட்டிவிட்டு அம்மாவின் கைபேசிக்கு எடுத்தாள். மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவு என்று அம்மா அதைச் சத்தமில்லாமல்தான் வைப்பா.

ஆறாவது தரம் அடித்தது. ஏழாவது.