எண்ணெய் ஊறிய கை

செங்கோட்டையைத் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முற்பகலில் குற்றாலத்தை விட்டுக் கிளம்பிய நான் எங்கும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. சாரல் முடிந்து ஐந்தருவி நூலாகிவிட்டது. குளிக்க வரும் பணக்காரர்களும் நின்றுபோனார்கள். அவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதுதான் அந்தச் சாரல் காலம் முழுவதும் நான் பார்த்த வேலை. அதற்கு முன் பார்த்ததாகச் சொல்ல எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் ஊராகச் சுற்றியதை வேலை என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

கீழப்பாவூரில் அண்ணன் வீடு இருந்தது. போனால் சோறு போடுவான். ஆனால் மதினி தன் பங்கை எனக்கு வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்ததை ஒருமுறை பார்த்துவிட்டேன். வேலை இல்லாமல் அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று இருந்தேன். மலையடியில் புளியரை மரக்கிடங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அருவிக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். செங்கோட்டையும் புளியரையும் திருவிதாங்கூர் சமஸ்தானம். செங்கோட்டைக்கு முன்பே எல்லைச் சாவடியில் என் துணிமூட்டையை உதறிப் பார்த்திருந்தார்கள். கள்ளப் புகையிலை எதுவும் விழாததில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கிடங்கு மேஸ்திரி மலையாளம் கலந்த தமிழ் பேசினார். என்ன வேலை தெரியும் என்று கேட்கவில்லை.

"கையெக் காணட்டும்."

அங்கே அப்படித்தான் ஆள் எடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்றவனின் உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பினார். என் கையைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இது பணி செய்த கையல்லல்லோ."

"செய்த கைதான் ஐயா. குத்தாலத்துல எண்ணெய் தேய்ச்சேன். விடியமுன்ன ஆரம்பிச்சா பொழுது சாயுத வரைக்கும்..."

மரம் உருட்டிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்தான். "ஏலே, இங்கன தேக்குத் தடிக்கு எண்ணெய் தேய்க்கவா ஆளு எடுக்காவ?"

"புதுப்பொண்ணு கையில்லா இது," என்றான் இன்னொருவன்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "கயிறு பிடிச்சால் தோல் உரியும். கை காய்ச்சிட்டு வா."

வேலை தராவிட்டால் கை எங்கே காய்க்கும் என்று கேட்டிருக்கலாம். நடந்த களைப்பில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஊர் சுற்றியபோது கையில் இருந்த கொஞ்சம் தடிப்பும் எண்ணெயில் ஊறிப் போயிருந்தது.

கிடங்குக்கு அப்பால் மலைப்பாதை ஏறும் இடத்தில் அரிசி வண்டிகள் நின்றிருந்தன. விடியற்காலைக் குளிர்ச்சியில் ஏறுவதற்காக மாடுகளை அவிழ்த்து விட்டிருந்தார்கள். அடுப்பு எரிந்ததால் அங்கே போய் உட்கார்ந்தேன். கஞ்சி கிண்டிய வண்டிக்காரர் என்னைப் பார்த்தார்.

"எங்கலே போவணும்?"

"வேலை கிடைக்கிற எடத்துக்கு, அண்ணாச்சி."

"என்ன வேலை தெரியும்?"

எண்ணெயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. "நடக்கத் தெரியும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது போதும்லே. மேட்டுல மாடு மூச்சு வாங்க நிக்கும். நின்ன ஒடனே சக்கரத்துக்குப் பின்னால கட்டையப் போடணும். பிந்துனா வண்டி உன் மேல வந்திரும்."

"முன்னால இருந்த ஆளு எங்க?"

"ஆசுபத்திரியில கெடக்கான். காலு." கஞ்சிச் சட்டியை என் பக்கம் தள்ளினார். "சாப்பாடு உண்டு. துட்டு, மலை தாண்டிப் புனலூர்ல மூட்டை எறக்குன பொறவு. வாரியா, இல்ல யோசிக்கியா?"

யோசிக்க ஒன்றும் இல்லை. குடித்துவிட்டு வண்டிக்கு அடியிலேயே படுத்தேன்.

விடியும்போது மாடு பூட்டினார்கள். புளிய மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வலது சக்கரத்துக்குப் பின்னால் நடந்தேன். முதல் வளைவிலேயே மாடுகள் நின்றன.

"போடுலே!"

போட்டேன். சக்கரம் கட்டை மேல் பாதி ஏறி, முனகி, நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மேல இன்னும் எத்தன வளைவு, அண்ணாச்சி?"

"எண்ணாதலே," என்றார். மாடுகள் நகர்ந்ததும் கட்டையை உருவி எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.