குட்டி யானைக்கு முகபடாம்

கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படித்தபோது ஹாஸ்டல் அறையில் என் கட்டிலுக்கு மேலே ஒரு லாரியின் படத்தை ஒட்டியிருந்தேன். மற்ற பெண்கள் நடிகர்களை ஒட்டியிருந்தார்கள். காந்திபுரத்தில் ஒரு கடையில் கலர் பிரிண்ட் போட்டு, மடங்காமல் சுருட்டி, டவுன் பஸ் கூட்டத்தில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த படம் அது. வார்டன் அதைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் லாரித் தொழிலா என்று கேட்டார். இல்லை, இது ஜப்பான் லாரி என்றேன்.

ஜப்பானில் சரக்கு லாரி ஓட்டுகிறவர்கள் தங்கள் வண்டியைச் சிங்காரிக்கும் வழக்கத்துக்கு டெகோடோரா என்று பெயர். முகப்பு முழுக்கக் கண்ணாடிபோல் மின்னும் தகடு, ஓட்டுநர் தலைக்கு மேலே கப்பல் மூக்கு மாதிரி நீண்டிருக்கும் ஒரு கூரை, பக்கவாட்டில் வரிசையாக நிற விளக்குகள், பின்கதவில் கடல் அலையோ கழுகோ கோபமான மீனோ. முதன்முதலில் வீடியோவில் பார்த்தபோது ஏதோ ஊர்த் தேர் என்றுதான் நினைத்தேன். கதவு திறந்து, தலையில் துண்டு கட்டிய ஒருவர் இறங்கிக் கொட்டாவி விட்டபடி டயரைத் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் அது வேலைக்குப் போகிற வண்டி என்று புரிந்தது. அந்தக் கொட்டாவியில் விழுந்தவள்தான் நான்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். வடக்குக் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிவந்த லாரிகளில்தான் இது தொடங்கியது என்கிறார்கள். உப்புத்தண்ணீர் பட்டு வண்டியின் உடம்பு அரித்துப்போன இடங்களில் எவர்சில்வர் தகட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். அடைத்தது அழகாக இருந்தது, இன்னும் கொஞ்சம் வைத்தார்கள். பிறகு லாரிக்காரர்களையே நாயகர்களாக்கிப் படங்கள் வந்தன, ஊரெல்லாம் பரவியது. அந்தப் பழைய படங்களைச் சப்டைட்டில் இல்லாமல் பார்த்தேன். பழைய பத்திரிகைகளின் பக்கங்களைப் படிப்பதற்காக ஜப்பானிய எழுத்துக்களைக் கற்றுக்கொண்டேன். புகைக்குழாயை வானம் பார்க்க நிமிர்த்தி வைத்த மோட்டார் சைக்கிள் கூட்டங்கள், காமிக்ஸ் நாயகிகளைக் கதவு முழுக்க ஒட்டிய கார்கள் என்று அந்த நாட்டின் வண்டிக் கிறுக்குகள் ஒவ்வொன்றையும் ரசித்தேன். ஆனால் மனசு லாரிக்கே திரும்பியது.

படிப்பு முடிந்து பெருந்துறை தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. ஓட்டல் சமையலறைகளுக்கு எவர்சில்வர் மேஜை, அடுப்பு, தொட்டி செய்யும் கம்பெனி. கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவது என் வேலை. ஒரு தகட்டை எங்கே வெட்டி எங்கே மடித்தால் அது நிற்கும் என்று பகல் முழுக்கப் பார்ப்பேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது போனில் ஜப்பான் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டது. போனை எடுத்துக் காட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, பாட்டு பிடிக்காதா கண்ணு என்றார். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

என் அண்ணன் அப்போது ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு சொந்தமாக ஒரு குட்டி யானை வாங்கினான். நான்கு சக்கரச் சின்ன சரக்கு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பழைய வண்டிதான், ஆனால் பின்னால் பெட்டி கட்டியது. பெருந்துறையில் பன்னும் ரஸ்க்கும் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போய், ஆர்.எஸ்.புரம் கடைகளில் இறக்கிவிட்டு வருவான். வண்டி வந்த அன்றைக்கு, முன் கண்ணாடியில் ஒட்ட நல்ல எழுத்தாக ஒரு ஸ்டிக்கர் வரைந்து தரச் சொன்னான். முழு வண்டியையும் கொடு என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. என் போனை வாங்கி வாசற்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"செய்யலாம் அம்மணி. ஆனா பன்னு நசுங்கக் கூடாது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை தொடங்கியது. எங்கள் கம்பெனியில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். நான் டிராயிங் போடுவேன், அண்ணன் வெட்டி ரிவெட் அடிப்பான். மெருகேற்றும் வேலையை இருவரும் மாற்றி மாற்றிச் செய்தோம். முகம், கழுத்து, மூக்குத் துவாரம் வரை கறுப்புத் தூள் படியும். பின்கதவில் ஜப்பான் பாணியில் அலை வரையலாம் என்றேன். பெருந்துறையில் ஏது கடல் என்றான் அண்ணன். கடைசியில், காற்றில் மடங்கும் மஞ்சள் செடியின் இலைகளை அலைபோல வரைய வைத்தோம். கோயில் விழாக்களுக்குத் தட்டி வரைகிற ஓவியர் ஒருவர் வந்து வரைந்தார். நுனியில் சுருண்டு எழும்பும் பச்சை அலைகள். தூரத்திலிருந்து பார்த்தால் அது ஜப்பான், கிட்டே வந்தால் எங்கள் மஞ்சள் காடு.

அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. விளக்குகளை இணைத்து முதல் தடவை எரியவிட்ட மாலை, பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து நின்றார்கள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பின்னாலேயே போய் என்னவென்று கேட்டோம். எங்கள் அப்பா தோட்டக் கூலியாக இருந்தவர், இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவரைப் பற்றி அதுவரை சொல்லாத ஒன்றை அம்மா அன்றைக்குச் சொன்னார்.

"கல்யாணமான புதுசுல உங்கப்பன் சைக்கிள் வாங்கி, முன்னால லைட்டு மாட்டி, தோட்டத்துக்காரங்க தெருவுல ஏறி ஓட்டிட்டு வந்துபோட்டாரு. மக்யா நாள் விடிஞ்சதுமே கூப்புட்டு, கூலிக்காரனுக்கு எங்க தெருவுல சைக்கிளான்னு கேட்டாங்க. அப்பறம் அந்தத் தெரு வந்தா எறங்கித் தள்ளிட்டுத்தான் போவாரு. லைட்டையும் கழட்டிப்போட்டாரு. யாரு கண்ணுலயும் படாம இருந்தாப் போதும்னுதான் உங்கள வளத்துனேன்."

அண்ணன் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவன் குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"இனிமே படட்டும்மா" என்றான்.

மறுநாள் காலையில் அண்ணன் கிளம்பும்போது, பழைய சேலைத் துண்டு ஒன்றை எடுத்துவந்து முகப்புத் தகட்டைத் துடைத்துவிட்டார்.

வண்டி சாலையில் ஓடத் தொடங்கியதும் ஆர்.எஸ்.புரத்தில் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். சிக்னலில் ஸ்கூட்டர்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். எல்லாம் எஃப்.சி. காட்டப் போகும் நாள் வரைதான். வண்டியைச் சோதித்துச் சான்று தருகிற அதிகாரியை நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வண்டிக் கம்பெனி கொடுத்ததற்கு மேலே நீட்டியிருக்கும் தகடும் விளக்கும் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எதிரே வருகிறவன் கண் கூசினால் யார் பொறுப்பு என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்.

மாதக்கணக்காகச் செய்ததை ஒரே பகலில் கழற்றினோம். ரிவெட்டுகளை உடைக்கும்போது தகடுகள் நெளிந்தன. வண்டி மறுபடி வெறும் வெள்ளைப் பெட்டியாக நின்றது. பின்கதவு ஓவியம் மட்டும் தப்பித்தது. சான்று வாங்கிக்கொண்டு அண்ணன் எப்போதும்போல் வேலைக்குப் போனான். நான் சில வாரம் ஜப்பான் பக்கமே போகவில்லை. போனில் லாரிப் படம் வந்தால் தள்ளிவிட்டேன்.

மனசு மாறியது ஆபீஸில்தான். ஒரு கல்யாண மண்டபத்துக்காகக் கழற்றி மாட்டும் பந்தி மேஜைக்கு டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். கால்களை மடக்கி, கொக்கியை எடுத்தால் மேஜை தட்டையாகிவிடும். வரைந்துகொண்டே இருந்த கை நின்றுவிட்டது. வண்டியோடு ஒட்டினால்தானே சிக்கல்? நிற்கும்போது மாட்டி, ஓடும்போது பெட்டிக்குள் போய்விட்டால்? அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யப் போகிறோம் என்றேன். எப்போ ஆரம்பிக்கலாம் என்று மட்டும் கேட்டான்.

இந்த முறை எதையும் வண்டியில் ஒட்டவில்லை. முகப்பு, கூரை, பக்கங்கள் எல்லாமே தனித்தனிச் சட்டங்கள். தரையில் காலூன்றி, வண்டியை அணைத்தபடி நின்று, ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். விளக்குகளுக்குத் தனி பேட்டரி, வண்டியின் ஒயரைத் தொடவே தொடாது. எந்தச் சட்டம் எதற்கடுத்து என்று அம்மாவுக்குத்தான் முதலில் மனப்பாடமானது. நாங்கள் தடுமாறினால், அது இல்ல கண்ணு, கோணமூக்குதான் அடுத்தது என்பார். கூரை நுனிச் சட்டத்துக்கு அவர் வைத்த பெயர் கோணமூக்கு.

அடுத்த வருஷ எஃப்.சி.க்குப் போனபோதும் அதே இன்ஸ்பெக்டர். வண்டியின் பழைய கோலம் அவருக்கு நினைவிருந்தது. அதெல்லாம் எங்கே என்றார். அண்ணன் பெட்டியைத் திறந்து, அடுக்கியிருந்த சட்டங்களைக் காட்டி, நின்றால் மட்டும்தான் மாட்டுவோம் என்று விளக்கினான். அவர் ஒரு கொக்கியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு டிசைன்?"

"என்ற தங்கச்சிங்க" என்றான் அண்ணன், என்னைக் கை காட்டி.

எங்கே வேலை பார்க்கிறேன் என்று என்னிடம் விசாரித்தார். சாலையில் போகும்போது எந்தச் சட்டமும் வெளியே மாட்டியிருக்கக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது, மாட்டின பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டு என் போனில் இருந்த படத்தைப் பார்த்தார். பெரிதாக்கியும் பார்த்தார்.

அதே வருஷம் கோயம்புத்தூரில் ஜப்பான் வண்டிப் பிரியர்கள் ஒரு மைதானத்தில் கண்காட்சி வைத்தார்கள். படம் அனுப்பினேன், வரச் சொல்லிப் பதில் வந்தது. அம்மாவும் கிளம்பினார். வாசலில் ஒன்றோடொன்று உரசாமல் பளபளக்கும் கார்கள் வரிசையில் நின்றன. எங்கள் வெள்ளைப் பெட்டி வண்டியைப் பார்த்ததும் காவலுக்கு நின்ற இளைஞர், சாமான் இறக்குகிற வண்டியெல்லாம் பின்வாசல் என்று கையைக் காட்டினார். அண்ணன் கண்ணாடியை இறக்கினான்.

"எறக்கறதுக்கு வரலீங்க. நிறுத்தறதுக்கு வந்துருக்கோமுங்க."

நான் போனில் வந்திருந்த பதிலைக் காட்டினேன். இளைஞரின் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, தானே முன்னால் நடந்துபோய் இடம் காட்டினார். தாழ்ந்த கறுப்புக் கார் ஒன்றுக்கும் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே நிறுத்தினோம். சட்டங்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கியதும் ஆட்கள் சேர்ந்தார்கள். அம்மா பெயர் சொல்லச் சொல்ல நாங்கள் எடுத்து மாட்டினோம். வாசலில் நின்ற இளைஞர் வந்து கோணமூக்கின் ஒரு முனையைப் பிடித்தார்.

வெயில் தாழ்ந்ததும் அண்ணன் சுவிட்சைப் போட்டான். செம்மஞ்சள், பச்சை, ஊதா என்று விளக்குகள் ஓடின. மெருகேற்றிய தகட்டில் பட்டு அவை இரட்டிப்பாயின. பக்கத்துக் கார்க்காரர்கள் தங்கள் வண்டியை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார்கள். அவர்களில் நரைத்த தாடிக்காரர் ஒருவர், ஜப்பானில் சில வருஷம் வேலை பார்த்தவராம். பனிக்காலத்தில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் இப்படி ஒரு லாரியைப் பார்த்தாராம், அந்த ஓட்டுநர் சூடான காப்பி டின் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், தயங்கித் தயங்கி, அங்கே கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டார். அம்மா இறங்கி இடம் விட்டு, காலப் பாத்து வைங்க என்றார்.

மைக் வைத்திருந்தவர் ஒரு கட்டத்தில் எங்களிடம் வந்தார். வண்டி யாருடையது என்று பொதுவாகக் கேட்டார். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்குள் அம்மா மைக்குக்கு நேராக நின்றார்.

"எங்குளுதுங்க. என்ற புள்ளைக செஞ்சதுங்க. பெருந்துறையிலிருந்து வாரோமுங்க."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மைதானத்து ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் அது போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை அண்ணன் வழக்கம்போல் பன் ஏற்றிக்கொண்டு போனான். அந்த வாரமே தேங்காய் லோடு அடிக்கிற ஓர் அக்கா தன் குட்டி யானையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தி, இதற்கும் செய்து தர முடியுமா என்றார். அதற்குப் பின் ஒரு பால் வண்டி, ஒரு மாட்டுத்தீவன வண்டி. இப்போது விடுமுறை நாட்களில், தொழிற்பேட்டைக்கு வெளியே ஒரு காலி இடத்தில் வரிசையாக நிறுத்தி எரியவிடுகிறோம். ஒவ்வொரு வண்டிக்கும் டிராயிங் என்னுடையது. இணையத்தில் பழக்கமான ஜப்பான் லாரிக்காரர் ஒருவருக்கு எங்கள் வண்டிகளின் படத்தை அனுப்பினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை எழுத்தில், இவை எல்லாம் வேலைக்குப் போகிற வண்டிகள் என்று எழுதியிருந்தேன். அவர் பதிலுக்குத் தன் லாரியில் மீன் பெட்டிகள் ஏறுகிற படத்தை அனுப்பினார்.

போன ஞாயிற்றுக்கிழமை தேங்காய்க்கார அக்காவின் வண்டிக்கு நிறம் முடிவு செய்ய உட்கார்ந்தோம். அவருக்கு ரோஸ் வேண்டும். அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தேங்காய் வண்டிக்கு ரோஸ் எடுப்பா இருக்காதுங்க, தூரத்திலிருந்து தெரிகிற நிறமாகச் சொல்லுங்க என்று பேசிக்கொண்டிருந்தார். அக்காவும் விடவில்லை. நான் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.