குடலையில் வெந்த சாண்ட்விச்

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு அப்பா அமர்த்திய சமையல்காரர் ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஓர் ஈர்க்குச்சி செருகியிருப்பார். அடுப்பில் எது இருந்தாலும் அதால் குத்தி, ஒட்டவில்லை என்று கண்ட பிறகுதான் இறக்குவார்.

மெட்ராஸ் சம்பந்திக்கு சாண்ட்விச் என்றால் உயிர் என்று தரகர் சொல்லியிருந்தார். ரொட்டியும் வெண்ணெயும் கொத்தமல்லிச் சட்னியும் சமையல்காரரிடம் கொடுத்து, முந்தின நாளே அடுக்கி வைக்கச் சொன்னது நான்தான்.

விடிந்து பார்த்தால், மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில், எங்கள் ஊர்க் கோயிலில் குடலையில் வேகவைக்கும் இட்லி போல எல்லாம் ஒரே தூணாக வெந்து நின்றது.

“என்னய்யா இது? சாண்ட்விச்சை யாராவது வேக வெப்பாங்களா?”

“பின்ன பச்சையாவா குடுப்பாங்க? குத்திப் பாத்தேன்பா, மாவாட்டம் ஒட்டிக்கினு வந்துது. வேகாத பண்டத்த சம்பந்திக்கு வெக்க மாட்டேன்.”

வேறு செய்ய நேரமில்லை. துண்டு போட்டு, மிளகாய்ப்பொடியோடு வைத்தோம். சம்பந்தி மென்றார். அப்பா என்னை முறைத்தார். கல்யாணமே நின்றுவிடுமோ என்று நினைத்துக்கொண்டே தண்ணீர்ச் செம்பை சம்பந்தி பக்கம் நகர்த்தினேன்.

“இதாம்பா சாண்ட்விச்சு! எங்க ஊர்ல எவனுக்கு இந்தப் பக்குவம் வருது?” என்று சம்பந்தி இன்னொரு துண்டு கேட்டார். அதற்கு முன் அவர் சாண்ட்விச் தின்றிருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சமையல்காரர் மட்டும் ஆச்சரியப்படவே இல்லை. ஈர்க்கைத் துடைத்துக் காதில் செருகிக்கொண்டார்.

பல வருஷம் கழித்து மெட்ராஸ் ஓட்டல் ஒன்றில் எனக்கு சாண்ட்விச் வந்தது. தொட்டுப் பார்த்தேன். வேகவே இல்லை. என் கை தானாகக் காதுப் பக்கம் போனது.