நான் கையெழுத்திட்டு வாங்கிய புரதம்

இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்கு வரும் பொதியை யாராவது கையெழுத்திட்டு வாங்கி வைத்துவிடுகிறார்கள். உள்ளே என்ன என்று கேட்பதில்லை. ஜேர்மனிக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. மேல்மாடிக்காரரின் பெட்டியைத் தபால்காரர் நீட்டினால், மறுக்க வெட்கப்பட்டு வாங்கிவிடுவேன். அவர் வந்து எடுக்கும்வரை அதைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன்.

நான் ஓர் ஆய்வுகூடத்தில் துப்புரவு வேலை செய்பவன். போன கோடை விடுமுறையில் ஒரு காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்பே பொதிக்காரர் வந்து, கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போட்டேன். அந்த வெள்ளைப் பெட்டியைச் சாமான் அறைக்குள் வைக்கும்போது கை தவறிவிட்டது. மூடி கழன்றது. உள்ளிருந்து வெள்ளைப் புகை கிளம்பி என் கால்களைச் சுற்றித் தரையில் பரவியது.

ஓடினேன்.

போரில் இடம்பெயர்ந்து போய், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான அரியாலைக்குத் திரும்பி வந்த வருடம், வீட்டு வளவுக்குள் எது கிடந்தாலும் தொடக்கூடாது. பால்மா பேணியாக இருக்கலாம், பொம்மையாக இருக்கலாம்; உள்ளே வெடி இருக்கும். கண்டவர் ஒரு காவோலையை, காய்ந்த பனையோலையை, இழுத்துப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டு விலகிப் போவார். அடுத்து வருபவருக்கு அது போதும். எங்கள் கிணற்றடிக்குப் போகும் வழியில் ஒரு மாரிகாலம் முழுவதும் அப்படியொரு காவோலை கிடந்தது. யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் போட்டேன் என்று ஒருவரும் சொல்லவுமில்லை. சொன்னால் இராணுவ விசாரணை வரும்.

இங்கே காவோலைக்கு எங்கே போவது? தரை ஈரம் என்று எழுதிய மஞ்சள் பலகையைக் கதவுக்கு முன்னால் வைத்துவிட்டுப் படிக்கட்டின் கீழே போய் இருந்தேன். இரண்டு மணித்தியாலம். எதுவும் வெடிக்கவில்லை. மெல்லப் போய்ப் பார்த்தேன். புகை அடங்கியிருந்தது. தரையில் சுண்டுவிரலிலும் சிறிய ஒரு குப்பி கிடந்தது. அதில் ஒட்டியிருந்த ஆங்கிலச் சீட்டில் எனக்கு விளங்கியது 'மனித' என்ற ஒரு சொல்தான். யாரை வெட்டி எடுத்தார்களோ என்று நினைத்தேன். கையுறையோடு எடுத்து, பெட்டியில் மிஞ்சிக் கிடந்த, அந்தப் புகையை விட்ட உலர் பனிக்கட்டிக்குள் புதைத்து, மூடி ஒட்டினேன்.

சற்று நேரத்தில் ஆய்வு செய்யும் இளம்பெண் வந்தார். லேனா என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டார். "மூன்று கிழமையாக இதற்காகத்தான் காத்திருந்தேன்!" என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டு, குப்பியைக் குளிர்பெட்டிக்குள் வைத்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

இடைவேளையில் அரியாலையில் இருக்கும் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்கடை வளவிலை இப்ப ஆடு படுத்துக் கிடக்குது. நீ ஜேர்மனியிலை ஐஸ் பெட்டிக்குப் பயந்து ஓடியிருக்கிறாய்! அண்ணியைக் கூப்பிடட்டே, அவளும் கேட்டுச் சிரிக்கட்டும்?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. போய்ச் சொல்லட்டோ, விடட்டோ?"

சிரிப்பு நின்றது. "ஆரும் கண்டவையே?"

"இல்லை."

"அப்ப வாயைத் திறவாதை. நான் கண்டனான் எண்டு போய்ச் சொன்னவன்தான் அந்த நேரமும் மாட்டினவன். உன்ரை வேலை போனா பிள்ளையளுக்கு என்ன செய்வாய்?"

அண்ணை சொன்னதில் பிழையில்லை. வாயைத் திறக்காததால்தான் நாங்கள் இருவரும் இன்று உயிரோடு இருக்கிறோம். ஆனால் குளிர்விட்டுக் கெட்டுப்போனதை நல்லதென்று நம்பி அந்தப் பெண் மாதக்கணக்கில் வேலை செய்யப்போகிறார். காவோலை போடாமல் விலகிப் போனவனாக நான் இருந்ததில்லை.

லேனாவிடம் போனேன். "அந்தப் பெட்டி... எனக்குப் பயம்" என்றேன். என் ஜேர்மன் அவ்வளவுதான். எனக்கு நோய்ப் பயம் என்று அவர் எண்ணிக்கொண்டார். "பயப்படாதீர்கள். மனிதப் புரதம்தான், ஆனால் மனிதரிடமிருந்து எடுத்ததல்ல. பக்டீரியாவுக்குள் செய்தது. ஒன்றும் தொற்றாது" என்று தோளில் தட்டினார். அப்படியே நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இரண்டு அடி திரும்பியும்விட்டேன். பிறகு, "விழுந்தது. தரையில். இரண்டு மணித்தியாலம்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "ஏன் யாரையும் கூப்பிடவில்லை?"

"புகை வந்தது. பொம்பே என்று நினைத்தேன்." பொம்பே என்றால் ஜேர்மன் மொழியில் குண்டு.

அவர் குளிர்பெட்டியைத் திறந்தார். பிறகு குப்பியை எடுத்துக் குப்பைக்குள் போட்டார். "பொறுப்பாளரிடம் சொல்லத்தான் வேண்டும்" என்றார். அந்தச் சனியும் ஞாயிறும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை அப்மானுங் என்கிற எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார்கள். வேலை போகவில்லை. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டேன். அண்ணைக்குச் சொன்னேன். "உனக்கு வெள்ளைக்காரன்ரை புத்தி வந்திட்டுது" என்றார். திட்டினாரா மெச்சினாரா, தெரியவில்லை.

புதுக் குப்பி வந்த பிறகு ஒருநாள் லேனா என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அந்தப் புரதத்துக்குக் கோஃபிலின் என்று பெயராம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அக்டின் என்ற மெல்லிய இழைகளால் ஆன எலும்புக்கூடு இருக்கிறதாம். செல் நகர வேண்டுமானால் பழைய இழைகளை அறுத்து, முன்னால் புதியவை கட்ட வேண்டும். அறுப்பது கோஃபிலின். திரையில் ஒரு செல் விரித்த கைபோல முன்னே பரவியது. பின்புறம் நூல்போல நீண்டு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்த நூல் அறுந்துவிடுமா?" என்று கேட்டேன்.

"சில நேரம் வாலில் ஒரு துண்டு அங்கேயே கிடந்துவிடும். செல் போய்விடும்" என்றார் சாதாரணமாக.

துடைக்க வேண்டிய அறைகள் இன்னும் நான்கு இருந்தன. நான் வாளியோடு அங்கேயே நின்றேன். திரையில் செல்லின் முன்பக்கம் புது இடம் பிடித்து ஊர்ந்துகொண்டிருந்தது. வால் இன்னும் விடவில்லை.