ஆறாவது கிளிப்புக்கு அப்புறம் எட்டு

ஒரு கல்யாண வீடியோவ ஃபார்வேர்ட் பண்ணாம முழுசா உக்காந்து பாத்திருக்கீங்களா? நான் எங்க அக்கா கல்யாணத்த ஒரு பத்து தடவையாவது பாத்திருப்பேன். ஆசைல ஒண்ணும் இல்ல. அத வெட்டி, சின்னதாக்கி, நெட்ல ஏத்தி, கல்ஃப்ல இருக்குற எங்க அண்ணன் பாக்குற மாதிரி ஒரு பேஜ் பண்ணணும்னு வீட்ல என் தலைல கட்டிட்டாங்க. கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுன்னா அவ்வளவுதான். ஃபேன் சுத்தலன்னாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க.

வீடு திருவனந்தபுரம் ஆரியசாலைல. கீழ எங்க கடை, மிளகா வத்தல், மல்லி மொத்த வியாபாரம். மேல நாங்க. வத்தல் மூட்டை இறக்குற அன்னிக்கு நான் தும்மிக்கிட்டேதான் கோட் அடிப்பேன். கடைய இப்ப பாக்குறது எங்க பெரியப்பா பையன். அப்பா போனதுக்கு அப்புறம் அவனும் அண்ணனும் சேந்துதான் பாத்தாங்க. ஒரு நாள் லோடு இறக்குற ஆளுங்க முன்னாடியே அவன் அண்ணன்கிட்ட "நாளைலேருந்து நீ வரண்டாம்"னு சொல்லிட்டான். அண்ணன் படி ஏறி மேல வந்து சட்டைய மாத்தினான், ஆறு மாசத்துல ஏசி மெக்கானிக் வேலைக்கு கல்ஃப் போயிட்டான். மூணு வருஷமாச்சு. அவங்க ரெண்டு பேரும் பேசுறதில்ல. அம்மா மட்டும் இன்னும் கீழ அவனுக்கு டீ குடுத்து விடுவா. கேட்டா "பிள்ளைல்லா"ன்னுவா.

அக்காவுக்கு நாகர்கோவில்ல மாப்பிள்ளை அமைஞ்சுது. அண்ணனுக்கு லீவு கிடைக்கல. எங்க ஆளுங்க கல்யாணத்துல பொண்ணுக்கு கூடப்பிறந்தவன்தான் பொரி போடணும். அவ ரெண்டு கையையும் சேத்து நீட்டுவா, அவன் பொரிய அள்ளி அந்தக் கைல வைப்பான், அவ அத ஓமத்துல விடுவா. ரெண்டு நிமிஷ சோலி. தனக்குன்னு இருந்த அந்த ரெண்டு நிமிஷம் போச்சேன்னு அண்ணனுக்கு. போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்.

"சித்தி பையன் போடட்டும். யாரு வேணா போடட்டும். கீழ இருக்கிறவன் மட்டும் அங்க நிக்கக்கூடாது, கேட்டியா?"

அம்மா சத்தியம் பண்ணாத குறை. நாகர்கோவில்ல இருக்குற சித்தி பையன்கிட்ட சொல்லி வச்சாச்சு. அவனும் பட்டு வேட்டிலாம் வாங்கிட்டான்.

கல்யாணம் இங்க திருவனந்தபுரத்துலதான். முந்தின நாள் சாயங்காலம் ஹர்த்தால் சொல்லிட்டாங்க, பந்த் மாதிரி, ரோட்ல வண்டி விடமாட்டாங்க. இங்க ஹர்த்தால்னா கல்யாண வண்டி கண்ணாடில பெருசா 'விவாஹம்'னு எழுதி பேப்பர் ஒட்டிருவோம், விட்ருவாங்க. திருவனந்தபுரத்துல சின்னக் குழந்தைக்கும் தெரியும். நாகர்கோவில்ல ஹர்த்தாலே கிடையாது, அங்க எவனுக்கு இது தோணும்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முந்தின நாளே வந்துட்டாங்க. சித்தி பையன் மட்டும் காலைல பேப்பர் ஒட்டாம வெறும் கார எடுத்துட்டு குஷியா கிளம்பிருக்கான். பார்டர் தாண்டினதும் பாறசாலைல நிறுத்திட்டாங்க. பேப்பர் ஒட்டச் சொல்லி அவன்கிட்ட சொல்ல எங்களுக்கும் தோணல. எங்களுக்கு அது சொல்ற விஷயமே இல்ல, அதான்.

மண்டபத்துல ஐயர் கேக்குறார், "பொண்ணுக்கு சகோதரன் யாரு?" யாரும் வரல. மறுபடி கேக்குறார். நேரம் போகுதுன்னு வாட்ச தட்டிக் காட்டுறார். பெரியப்பா பையன் தூணோரமா நின்னுட்டிருந்தான். யாரும் அவன கூப்பிடல. மடிச்சுக் கட்டின வேட்டிய இறக்கிவிட்டுட்டு அவனே வந்து நின்னான். போகாதன்னும் யாரும் சொல்லல. நான் அக்காக்கு பின்னாடிதான் நிக்கேன். நானும் சொல்லல.

இது முழுக்க வீடியோல இருக்கு.

பழவங்காடில இருக்குற ஸ்டுடியோக்காரர் மூணு டிவிடி குடுத்தார். ரோஜாப்பூ பறக்குது, இதயத்துக்குள்ள மாப்பிள்ளை மொகம் சுத்துது. அண்ணன் தங்கிருக்குற லேபர் கேம்ப் பக்கத்து நெட் கஃபேல இத அப்படியே இழுத்தா அடுத்த கல்யாணமே வந்துரும். அதனால முக்கியமானத மட்டும் எடுத்து பதினொரு கிளிப்பா வெட்டினேன், அஞ்சஞ்சு நிமிஷம். பதினொரு பேஜ் எழுத எனக்கென்ன பைத்தியமா. ஒரே பேஜ், ஒரே பிளேயர். பேஜ் அட்ரஸ் கடைசில கிளிப் நம்பர் வரும். அந்த நம்பர எடுத்து எந்த ஃபைல் ஓடணும், பிளேயர் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், தானா ஓடணுமா வேண்டாமான்னு எல்லாத்தயும் ஸ்கிரிப்ட் அப்பப்ப முடிவு பண்ணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. பண்ணிப் பாருங்க தெரியும்.

பிளேயர் ஒரு தடவ பேஜ்ல உக்காந்துட்டா அப்புறம் நீங்க எந்த மதிப்ப மாத்தினாலும் அதுக்கு காது கேக்காது. ஃபைல் பேர மாத்துறேன், பழைய படமே ஓடுது. அகலத்த மாத்துறேன், பொட்டி பெருசாகுது, உள்ள படம் அதே சைஸ்ல மூலைல கிடக்குது. ஒரு வாரம் மத்தியான சாப்பாட்டு நேரம் பூரா இதுலயே போச்சு. கடைசில ஆபீஸ்ல என் பக்கத்து சீட் சேட்டன் டிபன் பாக்ஸோட வந்து எட்டிப் பாத்தாரு.

"அது மாறாது மோளே. மொத்தமா பிடுங்கி எறிஞ்சிட்டு புதுசா எழுதணும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். வேறெந்தா வழி?"

அப்படியே பண்ணினேன். நம்பர் மாறினா பழைய பிளேயர காலி பண்ணிட்டு, புது மதிப்பெல்லாம் சேத்து ஒரு நீளமான வரி கட்டி, புது பிளேயர் எழுதுறது. ஒரு பிரவுசருக்கு ஒரு மாதிரி எழுதணும், இன்னொண்ணுக்கு வேற மாதிரி, ரெண்டுலயும் அதே மதிப்ப மறுபடி மறுபடி எழுதணும். ஒரு இடத்துல விட்டா ஒருத்தருக்கு ஓடும், ஒருத்தருக்கு வெள்ளைப் பொட்டி. ஓட ஆரம்பிச்சப்ப சந்தோஷப்படக்கூட தெம்பில்ல. போயி படுத்துட்டேன்.

ரெண்டு லிங்க் வச்சேன். அக்கா புகுந்த வீட்டுக்கு ஒண்ணு, பெரிய சைஸ், தொட்டதும் ஓடும். அண்ணனுக்கு ஒண்ணு, சின்ன சைஸ், ஃபுல்லா லோடாகி அவன் அமுக்கினாத்தான் ஓடும். பேஜ் ஒண்ணுதான், அட்ரஸ்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

அம்மாகிட்ட காட்டினேன். ஏழாவது கிளிப் வந்ததும் அம்மா முந்தானைய வாயில வச்சுக்கிட்டா. பொரி வர்ற கிளிப்.

"மக்கா, இத அவன் பாக்க வேண்டாம்."

"சரி, ஏழ எடுத்துறேன்."

"அய்யோ எடுக்காத. சம்பந்தி வீட்ல பொரி எங்கன்னு கேப்பாங்கல்லா?"

"அப்ப என்னதாம்மா பண்ணச் சொல்ற?"

"நீ படிச்சவதானே."

"இல்லம்மா, அவன்கிட்ட நடந்தத சொல்லிருவோம். ஹர்த்தாலு, கார நிறுத்திட்டாங்க, வேற வழியில்லன்னு."

"சொன்னா அவன் இனி வீட்டுப்பக்கமே வரமாட்டான். பிள்ளைய முழுசா போக்கச் சொல்லுதியா?"

அதுக்கு மேல எனக்கு சண்டை போட முடியல. ஒரே ஒரு வரி சேத்தேன். அண்ணன் லிங்க்ல வந்தா, 'அடுத்தது' பட்டன் ஆறுலேருந்து எட்டுக்கு போகும். அம்மாக்கு நிம்மதி. எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு வரிதானேன்னு இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. சாயங்காலம் என் மொபைலுக்கு கூப்பிட்டான். நான் கிழக்கே கோட்டைல பஸ்ஸுக்கு நிக்கேன்.

"ஏ பிள்ளே, பேஜ் சூப்பர் கேட்டோ. இங்க பக்கத்துல ரெண்டு பேரு நின்னு பாக்கானுங்க. ஆமா, ஆறு கழிஞ்சா எட்டு வருது?"

"ஏழு ஃபைல் கெட்டுப்போச்சுண்ணே. கரப்ட்."

"அதுலயா பொரி?"

"ஆமா."

"போட்டும். சித்தி பையன் நல்லா பண்ணினானா?"

"ம்."

"செரி."

பஸ் வந்துச்சு, ஏறல. ஏன்னு கேக்காதீங்க. பத்து நிமிஷத்துல மறுபடி அடிச்சான்.

"ஓடுதே."

"எது?"

"ஏழு. மேல அட்ரஸ்ல எட்டுன்னு இருந்துச்சு. அழிச்சுட்டு ஏழுன்னு போட்டேன். நல்லா ஓடுதே."

நான் மறைச்சது பட்டனத்தான். ஃபைல் அதே எடத்துலதான் இருந்துச்சு. காலேஜ்ல முதல் செமஸ்டர் பிள்ளைங்க பண்ற தப்பு. ஆனா அவன் அட்ரஸ தொட்டுப் பாப்பான்னு நான் நினைக்கவே இல்ல. ஏசி மெக்கானிக்தானேன்னு நினைச்சிருக்கேன், அதுதான் அசிங்கம்.

"அண்ணே, அன்னிக்கு ஹர்த்தாலு. கார பாறசாலைல..."

"அவன் அள்ளி வைக்கும்போது அவ கைய கீழ தாங்கிப் பிடிக்கணும். பிடிக்கவே இல்ல. பாதிப் பொரி தரைல."

"நீ கேளு. பேப்பர் ஒட்டல, நிறுத்திட்டாங்க, ஐயர் அவசரப்படுத்தினார்..."

"அது செரி. ஹர்த்தால யாரு என்ன பண்ண முடியும்? நீ ஏன் கெட்டுப்போச்சுன்னு சொன்ன?"

பின்னாடி கண்டக்டர் தம்பானூர் தம்பானூர்னு கத்துறான்.

"ஆறு கழிஞ்சு எட்டுன்னு அம்மா எழுதச் சொன்னாளா, நீயா எழுதினியா?"

எனக்கு நல்லாத் தெரியும், அம்மான்னு சொன்னா அவன் அம்மாகிட்டயும் பேசமாட்டான். அப்புறம் அந்த வீட்ல யாரு இருக்க முடியும்?

"நாந்தான்."

"அம்மாவுக்கு தெரியாதா?"

"தெரியாது."

"நல்ல படிப்பு"ன்னு சொன்னான். கோபமாக்கூட சொல்லல. வச்சுட்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அவ அரிசிய களைஞ்சுக்கிட்டே, "நீயே எழுதினதா சொன்னதுதான் செரி மக்கா, இப்ப அப்படியே இருக்கட்டும். ஆறின பொறவு நான் சொல்லிக்கிடுதேன்"னா. நாலு மாசமாச்சு. நான் கேக்குறதில்ல. அக்கா புகுந்த வீட்ல அந்தப் பேஜ இன்னும் வர்றவங்களுக்கெல்லாம் ஓட்டிக் காட்டுறாங்களாம், சம்பந்திக்கு என்னப் பத்தி ரொம்பப் பெருமையாம். ஆபீஸ்ல இப்ப இன்னொரு கஸ்டமருக்கு அதே பிளேயர் வேலதான், அதே வரிய காப்பி பண்ணி ஒட்டுறேன். கை பாட்டுக்கு அடிக்குது.

அண்ணனுக்கு நான் மூணு மெயில் போட்டேன். பதில் இல்ல. மிஸ்டு கால் குடுத்தா திருப்பி அம்மா நம்பருக்குத்தான் கூப்பிடுறான்.

இப்ப அம்மா ஹால்ல அவன்கிட்ட பேசிட்டிருக்கா, முக்கால் மணி நேரமா. என்னைய கூப்பிடல.