ஓர்ஸ் ஹில் பங்களாவில் அத்தானைத் தேடி

ஓர்ஸ் ஹில்லில் வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி இருந்த பங்களாவைக் காட்சிசாலையாக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நாங்கள் ஊர் பார்க்கப் போனவர்கள் இல்லை. அக்காவின் புருசன், என் அத்தான், பங்குனியில் மோசம் போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும். முதற் பக்கத்தில் செத்தவரின் படம் இல்லாத நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் யார் கண்டது? அத்தானோ, படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று கமராவைக் கண்டாலே ஒளிகிற மனிதர். அகப்பட்டது ஒரே தடவை. அந்தப் பங்களாவில் சமையல்காரராக இருந்தபோது, துரை சீமைக்குப் போகுமுன் எல்லோரையும் இருத்தி எடுத்த படத்தில். அது அங்கே சுவரில் தொங்குகிறது என்று கேள்வி.

குச்சவெளியில் காலை ஆறரைக்குப் பஸ். நிலாவெளி வழியாக இருபது மைலுக்கு மேல், ஒன்றரை மணித்தியாலம். இடப்பக்கம் இருந்தால் கடல் தெரியும். அக்கா ஒன்றையும் பார்க்கவில்லை. செத்தவீட்டுத் துடக்கோடு வெளிக்கிட்டுவிட்டாள் என்று பின்னால் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. பட்டணத்துப் பஸ் நிலையத்திலிருந்து ஓர்ஸ் ஹில்லுக்கு நடந்தால் இருபது நிமிடம், கடைசியில் ஏற்றம். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

வாசலில் காசு கேட்கவில்லை. காவல்காரர் துரையின் கதிரைகளையும் அலுமாரியையும் வாளையும் காட்டினார். துறைமுகத்தைப் பார்த்த யன்னல் ஒன்று உண்டு, அதற்காகவே போகலாம். குசினி பூட்டியிருந்தது.

“அதுக்குள்ள பாக்க ஒண்டும் இல்லை அம்மா,” என்றார்.

அத்தானின் வாலிபம் முழுக்க வெந்தது அதற்குள்தான்.

படம் விறாந்தையில், நல்ல தேக்குச் சட்டத்தில் இருந்தது. நடுவில் துரையும் துரைசானியும், பின்னால் அதிகாரிகள். அடிவிளிம்பில், துரையின் சப்பாத்துக்கு முன்னால், நாலு பேரின் தலைமயிர் மட்டும். பாயில் இருத்திய வேலைக்காரர்கள். முகங்கள் இல்லை.

அக்கா கண்ணாடியில் விரலை வைத்தாள். “இது அவர். நடுவகிடு எடுக்கிறவர்.”

“கீழ மடிச்சு வைச்சிருப்பினம். ஒருக்காக் கழட்டிப் பாருங்கோ ஐயா,” என்று நான் கெஞ்சினேன்.

காவல்காரர் நல்ல மனிதர், ஆணியைத் தட்டிக் கழற்றினார். மடித்திருக்கவில்லை. கத்தரியால் நேராக வெட்டியிருந்தது.

“முழுப் படத்துக்கும் சட்டம் காணாது எண்டு தச்சன் சொன்னவன். கீழ வேலையாக்கள்தானே, வெட்டு எண்டிட்டினம்.”

“வெட்டின துண்டு?” என்றேன்.

“அதை ஆர் அம்மா வைச்சிருக்கிறது?” சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா அழவில்லை. இறக்கத்தில் வரும்போது, “அவரின்ர முகம் இப்பவே எனக்கு மங்குது பிள்ளை,” என்றாள்.

போகிறவர்கள் குடிதண்ணீர் கொண்டு போங்கள், மேலே கடை இல்லை. திங்களில் பூட்டு. குச்சவெளிக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. உங்கள் வீட்டார் யாரும் அங்கே வேலை செய்திருந்தால் விறாந்தைப் பக்கம் போகாதீர்கள்.

கல்வெட்டு அச்சாகி வந்தது. படத்துக்கு விட்ட கட்டத்தில் அச்சகக்காரர் ஒரு குத்துவிளக்கைப் போட்டிருந்தார். அக்கா வாங்கி முதற் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது ஆரின்ர கல்வெட்டு?” என்று கேட்டாள்.